இரண்டாவது தொட்டி

ஏப்ரல் 21, திங்கள்

காலேஜ் கெமிஸ்ட்ரி துறைத் தலைவர் ஹெப்சிபா மேடம் இந்த நோட்டைக் கொடுத்தார்கள். போன வருசம் படித்து முடித்த பிள்ளை யாரோ விட்டுப் போன ரெக்கார்டு நோட்டு. முன்னால் பத்துப் பக்கம் கிழிந்திருக்கிறது. மிச்சம் வெள்ளையாக இருக்கிறது.

"அன்னன்னைக்கு என்ன செஞ்சியோ அத எழுது கனி. மே அஞ்சாம் தேதி பிளம்பர் வர்றார். கெமிஸ்ட்ரி லேப் முழுக்க பழைய குழாயப் பிடுங்கிட்டுப் புதுசு போடப் போறாங்க. அவங்க கை வைக்கிற இடம் பூரா சுத்தமா இருக்கணும். முடிஞ்சதும் நோட்ட எங்கிட்ட குடு, ஃபைல்ல வைக்கணும்."

நான் எட்டாவது வரைதான் படித்தேன், எழுத்தில் பிழை வரும் என்றேன்.

"பிழை வந்தா வரட்டும். செய்யாதத செஞ்சேன்னு மட்டும் எழுதாத."

சரி என்றேன். எட்டு மாதத்துக்கு முன்னால் இந்த லேபில்தான் என் மகள் கார்த்தீஸ்வரியின் அப்பாவுக்கு அப்படி ஆனது. அதற்குப் பிறகுதான் எல்லாமே எழுத்தில் வேண்டும் என்கிறார்கள். மேடம் அதைச் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் நோட்டை நீட்டினார்கள்.

இன்று செய்தது: ஒன்றாவது மேசை, இரண்டாவது மேசை. புட்டிகளை இறக்கி ஸ்டோரில் வைத்தேன். ரேக்கைத் துடைத்தேன். பேர் அழிந்த புட்டி ஏழு இருந்தது. அதைத் தனியாக மணல் வாளிக்குள் நிறுத்தி வைத்திருக்கிறேன். தங்கபாண்டியன் அண்ணாச்சி பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் லேப் அசிஸ்டென்ட், நான் அட்டெண்டர். பதினாலு வருசமாக இரண்டு பேரும் இதே லேபில்தான் இருக்கிறோம்.

இடுப்பு வலிக்கிறது.

ஏப்ரல் 22, செவ்வாய்

மூன்றாவது, நான்காவது மேசை முடிந்தது. ஒவ்வொரு பர்னர் குழாய்க்கும் சோப்பு நுரை வைத்துப் பார்த்துவிட்டு, கேஸ் மெயின் வால்வை அடைத்தேன். ஒரு குமிழி வரவில்லை. மற்றவர்கள் மோந்து பார்த்தே சொல்லிவிடுவார்கள். என் மூக்கை நம்ப முடியாது. அமோனியாவும் அழுகின முட்டை வாடையும் பதினாலு வருசம் குடித்த மூக்கு. எனக்கு மல்லிகைப்பூவும் மண்ணெண்ணெயும் ஒன்றுதான்.

மேசைக்கு அடியில் உடைந்த கண்ணாடி ஒரு முறம் இருந்தது. தடுப்புப் பலகைக்குப் பின்னால் சில்வர் நைட்ரேட் சிந்திக் காய்ந்திருந்தது. கையுறையில் ஓட்டை இருந்ததைக் கவனிக்கவில்லை. மூன்று விரல் கறுத்துவிட்டது. ஒரு வாரத்துக்குப் போகாது.

வீட்டில் கார்த்தீஸ்வரி பார்த்துவிட்டு, "என்னம்மா, மருதாணி வச்ச மாதிரி இருக்கு" என்றாள். பிறகு ஏன் சொன்னோம் என்று தோன்றியதோ என்னவோ, எழுந்து போய் டிவியைப் போட்டாள்.

ஏப்ரல் 23, புதன்

இன்று மேடம் சீட்டுகளைக் கொடுத்தார்கள். பச்சைச் சீட்டு. "இந்த இடம் சுத்தம் செய்யப்பட்டது, வேலை செய்யலாம்" என்று அச்சடித்திருக்கிறது. கீழே தேதி, கையெழுத்து. லேபில் சிங்க் தொட்டி எட்டு. எட்டுக்கும் ஒவ்வொரு சீட்டு. என் கையெழுத்து இருந்தால்தான் பிளம்பர் அந்தத் தொட்டியைத் தொடுவார்.

"நானாம்மா போடணும்?"

"நீதான் கழுவுற. நீதான் போடணும்."

கூடவே ஒரு பெரிய அறிவிப்பு. சுவரில் ஒட்டச் சொன்னார்கள், ஆட்கள் வரும்போது கண்ணில் படுகிற மாதிரி. பத்து விதி போட்டிருக்கிறது. கடைசியில் கட்டம் கட்டி இப்படி: "சென்ற ஆண்டு பணியாளர் ஒருவர் கேட்காமல் குழாயைத் திறந்ததால் உயிரிழப்பு ஏற்பட்டது. அனைவரும் கேட்டுச் செயல்படவும்."

பேர் போடவில்லை. பேர் போடாவிட்டால் யாருக்குத் தெரியாது?

பசை காய்ந்துவிட்டது, நாளைக்கு ஒட்டுகிறேன் என்று சொல்லி மேசை இழுப்பறையில் வைத்தேன்.

அன்று நான் மூன்றாவது தொட்டிப் பக்கம் நின்று கொண்டிருந்தேன். சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

ஏப்ரல் 24, வியாழன்

தலைவலி. ஐந்தாவது மேசை பாதி.

ஏப்ரல் 26, சனி

ஐந்து, ஆறு முடிந்தது. திராவகப் புகையை வெளியே இழுக்கிற கூண்டைக் காலி செய்து உள்ளே இரண்டு தடவை துடைத்தேன். கண்ணாடிக் கதவை இறக்கிப் பூட்டினேன்.

கார்த்தீஸ்வரிக்கு நர்சிங் படிக்க ஆசை. மார்க் வந்ததும் மனுப் போட வேண்டும். மனுப் பாரத்தில் அப்பா இறந்த காரணம் என்று ஒரு இடம் இருக்கிறதாம். கைபேசியில் காட்டினாள்.

"விபத்துன்னு போடு" என்றேன்.

"பணியிட விபத்துன்னு போடவா? காலேஜ் குடுத்த பேப்பர்ல கவனக்குறைவுன்னுல போட்டிருக்கு."

நான் அரிசி களைந்து கொண்டிருந்தேன்.

"அப்பா கொஞ்சம் கேட்டுட்டுத் தொறந்திருக்கலாம்லம்மா. வீட்ல ஒரு பல்பு மாட்டுறதுக்கு மூணு தடவ சுவிட்ச அமத்தியாச்சான்னு கேப்பாரு. அங்க போயி என்ன அவசரம்? எனக்கு அப்பா மேல கோவமா வருது."

அரிசியில் கல் எதுவும் இல்லை. நான்கு தடவை களைந்தேன்.

ஏப்ரல் 28, திங்கள்

பிளம்பர் மிக்கேல் அண்ணன் இடம் பார்க்க வந்தார். கார்த்தீஸ்வரி அப்பாவோடு சேர்ந்து வேலை செய்த ஆள்தான். துஷ்டிக்கு வந்து சாவு வீட்டுப் பந்தலில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு இன்றுதான் பார்க்கிறேன்.

"நல்லாருக்கியா தங்கச்சி?"

"இருக்கேன்ணே."

எட்டுத் தொட்டியையும் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தார். சன்னலுக்குக் கீழே இருக்கிற இரண்டாவது தொட்டியில் பலகை போட்டு மூடியிருக்கிறது. அன்றைக்கு மூடியது. அதன் மேல் யாரும் ஒரு டம்ளர்கூட வைப்பதில்லை. அவர் பலகை மேல் கையை வைத்தார்.

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். மாப்பிள்ள கேக்காம ஒரு நட்டத் தொட மாட்டானே. எங்கிட்டயே ஆயிரம் கேள்வி கேப்பான். தண்ணி நிப்பாட்டியாச்சா, மேல யாரும் இருக்காகளா, உள்ள என்ன கெடக்குன்னு. நாங்க அவன வாத்தியாருன்னுதான் கூப்புடுவோம். அவன் எப்படிக் கேக்காம தொறந்தான்?"

தங்கபாண்டியன் அண்ணாச்சி பக்கத்தில் புட்டிகளுக்குப் பேர் ஒட்டிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"விதி மிக்கேலு" என்றார். "விதிய யாரு கேக்க முடியும்."

"விதிக்கு ஸ்பானர் பிடிக்கத் தெரியாது அண்ணாச்சி" என்றார் மிக்கேல் அண்ணன்.

நான் டீ வாங்கப் போய்விட்டேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

இன்று தொட்டிகளைத் தொடங்கினேன். முறை இது. முதலில் நிறையத் தண்ணீர் விட வேண்டும். பிறகு சோடா உப்பைக் கரைத்து மெதுவாக ஊற்ற வேண்டும். உள்ளே திராவகம் இருந்தால் நுரைத்துக்கொண்டு வரும். நுரை அடங்கும் வரை ஊற்றி, மறுபடி தண்ணீர் விட்டு, கடைசியில் நீலத் தாளை நனைத்துப் பார்க்க வேண்டும். தாள் சிவந்தால் இன்னும் திராவகம் இருக்கிறது. நீலமாகவே இருந்தால் சரி.

ஒன்று, மூன்று, நான்கு, ஐந்து: தண்ணீர் இறங்கியது, நுரை அடங்கியது, தாள் நீலம். நான்கு சீட்டில் கையெழுத்துப் போட்டேன். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் போட்டேன். தங்கபாண்டியன் அண்ணாச்சி, "என்ன தாயி, சொத்த எழுதிக் குடுக்கிறாப்புல போடுத" என்றார்.

ஏப்ரல் 30, புதன்

ஆறு, எட்டு முடிந்தது. சீட்டு ஒட்டியாயிற்று. ஏழில் தண்ணீர் இறங்க நேரமாகிறது. இரண்டை இன்னும் திறக்கவில்லை. மேடம் அறிவிப்பு ஒட்டியாச்சா என்று கேட்டார்கள். பசை வாங்கவில்லை என்றேன்.

மே 1, வியாழன்

விடுமுறை. துணி துவைத்தேன். கார்த்தீஸ்வரி ரசம் வைத்தாள். பூண்டு அதிகம் போல. எனக்கு எப்படித் தெரியும், அவள் முகம் சுளித்ததை வைத்துச் சொல்கிறேன்.

போன வருசம் ஆகஸ்டில் என் அண்ணன் குடும்பத்தோடு சாப்பிட வந்திருந்தான். நான் வைத்த சாம்பார் ஊசிப்போயிருந்தது. காலையில் வைத்ததைச் சூடு பண்ணி ஊற்றிவிட்டேன். எனக்கு வாடை தெரியவில்லை. கார்த்தீஸ்வரி அப்பா ஒரு வாய் வைத்துவிட்டு அண்ணனைப் பார்த்துச் சிரித்தார்.

"மச்சான், உந்தங்கச்சிக்கு மூக்கு செத்து பல வருசமாச்சு. நான் செத்துக் கெடந்தாக்கூட மூணு நாள் கழிச்சுத்தான் இவளுக்குத் தெரியும்."

அண்ணன் சிரித்தான். மதினி ரொம்பச் சிரித்தாள். எனக்கு அப்படி ஆத்திரம் வந்தது. அந்த மூக்கை நான் வேண்டியா கெடுத்துக்கொண்டேன்? அன்றிலிருந்து அவரோடு பேச்சை நிறுத்தினேன்.

எங்கள் வீட்டில் சண்டை என்றால் சத்தம் வராது. பேச்சு நின்றுபோகும், அவ்வளவுதான். சோறு போடுவேன், துணி எடுத்து வைப்பேன். சொல்ல வேண்டியதைச் சுவரைப் பார்த்துச் சொல்வேன். இல்லாவிட்டால் கார்த்தீஸ்வரியிடம் சொல்லி விடுவேன். "ஒங்கப்பாட்ட தண்ணி வந்துருச்சுன்னு சொல்லு." அவர் மூன்றடி தள்ளி உட்கார்ந்திருப்பார். "ஒங்கம்மாட்ட கேட்டுருச்சுன்னு சொல்லு" என்பார். என் அம்மாவும் அப்படித்தான் இருந்தாள். நான்கைந்து நாளில் ஏதாவது ஒரு சாக்கில் சரியாகிவிடும். அவர் ஒரு பொட்டலம் கருப்பட்டி மிட்டாய் வாங்கிவந்து யாருக்கோ வைப்பது போல் அடுப்பு மேடையில் வைப்பார்.

லேபில் அப்படி ஆன அன்றைக்கு நான்காவது நாள்.

இதெல்லாம் லேப் வேலை இல்லை. ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை.

மே 2, வெள்ளி

ஏழாவது தொட்டி. சோடா கரைசல் இரண்டு வாளி ஊற்றியும் அப்படியே நிற்கிறது. நுரை வரவில்லை. மேலே நின்ற தண்ணீரில் தாளை நனைத்தேன், நீலம். நீளமான கண்ணாடிக் குச்சி நுனியில் தாளை நூலால் கட்டி, தொட்டி வாயில் விட்டு அடைப்பு வரைக்கும் தள்ளி எடுத்தேன். அப்போதும் நீலம்.

"பெறகென்ன? சோடா போட்டாச்சு, தாளும் நல்லாருக்கு. போடு தாயி கையெழுத்த" என்றார் அண்ணாச்சி. "திங்கக்கெழம அவங்க வந்து ஒரே ஒரு தொட்டிக்காக உக்காந்திருந்தா மேடம் என்னையத்தான் கத்துவாங்க."

"தண்ணி இறங்கல அண்ணாச்சி."

"இறங்காததுக்குத்தான அவன வரச் சொல்லுது."

நான் சீட்டைக் கையில் எடுத்தேன். பேனாவையும் எடுத்தேன். பிறகு கீழே வைத்தேன்.

கண்ணாடி மாட்டிக்கொண்டு, மேலே நின்ற சோடாத் தண்ணீரைக் குவளையால் மொண்டு வாளியில் ஊற்றினேன். மிச்சத்தை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்தேன். ஒரு மணி நேரம் ஆனது. அடியில் கஞ்சி மாதிரி நின்றது, பிள்ளைகள் போட்ட வடிதாள் எல்லாம் ஊறி. புதுத் தாளைக் கட்டி, குச்சியை அடைப்புக்குள் மெதுவாகக் குத்தி இறக்கினேன். பெண்டு என்று சொல்வார்களே, குழாய் வளைகிற இடம், அது வரைக்கும் போயிற்று. எடுத்தேன்.

தாள் ரத்தமாகச் சிவந்திருந்தது. நூல் பொசுங்கியிருந்தது.

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"மொதல்ல நீலமா வந்துச்சே."

"அது சோடாத் தண்ணி வழியா வந்துச்சு. மேல என்ன இருக்கோ அதத்தான் சொல்லுச்சு."

அடைப்புக்கு மேலே சோடா, கீழே திராவகம். பிள்ளைகள் கை தவறி ஊற்றியது எத்தனை நாளாக அங்கே கிடந்ததோ. மல்லாக்கப் படுத்து அந்த நட்டைத் திறப்பவனுக்கு முகத்தில்தான் விழும்.

சாயங்காலம் வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சோடா விட்டேன். பொங்கிப் பொங்கி அடங்கியது. முடியவில்லை. நாளைக்கும் இருக்கிறது. சீட்டில் கையெழுத்துப் போடவில்லை.

மே 3, சனி

ஏழு முடிந்தது. தண்ணீர் இறங்குகிறது. தாளை மூன்று தடவை பார்த்தேன். சீட்டு ஒட்டினேன்.

ஏப்ரல் 23ஆம் தேதி எழுதியது பொய். அதை அடிக்காமல் விட்டிருக்கிறேன்.

நடந்தது இது. அன்றைக்கு இரண்டாவது தொட்டி அடைத்துக்கொண்டது என்றுதான் கார்த்தீஸ்வரி அப்பாவைக் கூப்பிட்டார்கள். அவர் வருவதற்கு முன்னால் சோடா போட்டு வைப்பது என் வேலை. போட்டேன். தண்ணீர் இறங்கவில்லை. சோடா மேலேயே நின்றது. கீழே போகவில்லை என்று பார்த்தேன். சொல்ல வேண்டும் என்றும் நினைத்தேன். அவர் பையோடு உள்ளே வந்தார். என்னைப் பார்த்தார். நான் மூன்றாவது தொட்டிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

அவர் கேட்டார். என்னிடம் கேட்கவில்லை, நான்தான் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறேனே. அண்ணாச்சியிடம் கேட்டார்.

"அண்ணாச்சி, சோடா போட்டாச்சான்னு கேளுங்க."

"என்ன தாயி, ஒம்மாப்பிள்ள கேக்காரு. சோடா போட்டாச்சா?"

"போட்டாச்சுன்னு சொல்லுங்க" என்றேன்.

"போட்டாச்சாம்யா" என்றார் அண்ணாச்சி. சிரித்தார். புருசன் பொண்டாட்டிக்கு நடுவில் தபால் கொண்டுபோவதில் அவருக்கு ஒரு சந்தோசம்.

நேராகப் பேசுகிற நாளாக இருந்தால், "போட்டிருக்கேன், ஆனா தண்ணி இறங்கல, பாத்து" என்று சொல்லியிருப்பேன். பதினாலு வருசமாக அப்படித்தான் சொல்லுவேன். அன்றைக்கு அந்தப் பாதியைச் சொன்னால் நான் முதலில் பேசிய மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேன். தோற்றது மாதிரி ஆகிவிடும் என்று.

அவர் படுத்து நட்டைத் திறந்தார்.

பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். முகத்தில் கட்டு. இரண்டாவது நாள் போலீஸ்காரர் வந்து வாக்குமூலம் கேட்டார். அவரால் பேச முடிந்தது, மெதுவாக. "யாரு மேலயும் தப்பில்ல சார். நாந்தான் கேக்காம தொறந்துட்டேன்." நான் கால்மாட்டில் நின்றேன். போலீஸ்காரர் போன பிறகு, "ஏட்டி, கார்த்தீசு பள்ளிக்கூடம் போனாளா?" என்று கேட்டார். நேராக என்னிடம். நான்கு நாள் கோபம் அவ்வளவில் முடிந்தது.

காலேஜில் விசாரித்தபோது, முன்பே எச்சரித்தோம், அவர் கேட்கவில்லை என்று டைப் அடித்த பேப்பரில் அண்ணாச்சி கையெழுத்துப் போட்டார். கீழே நானும் போட்டேன். படிக்காமல் போட்டேன் என்று சொல்ல மாட்டேன். படித்தேன். எட்டாவது படித்தவளுக்குப் புரியாத எழுத்து இல்லை அது.

இதை ஸ்டோரில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி வந்தார். நான் மறைக்கவில்லை. நின்றபடியே படித்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இத மேடத்துட்ட குடுக்கப் போறியா?"

"ஃபைல்ல வைக்கணும்னாங்க."

"தாயி, எனக்கு ரெண்டு வருசம் சர்வீஸ் இருக்கு. ஒனக்கு இன்னும் எம்புட்டோ இருக்கு. பிள்ளய படிக்க வைக்கணும். அவனே போகும்போது நம்ம ரெண்டு பேரையும் விட்டுட்டுப் போனான். நாம எதுக்கு இழுத்துப் போட்டுக்கணும்? நாலு பக்கத்தக் கிழிச்சிரு. முன்னாடியே பத்துப் பக்கம் கிழிஞ்ச நோட்டுதான, யாருக்குத் தெரியும்?"

நான் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டேன்.

"நானும் ஒரு வார்த்த, தண்ணி இறங்குதான்னு கேட்டிருக்கணும்" என்றார். "நான் வெறும் தபால்காரன்னு நெனச்சுக்கிட்டேன்."

எழுந்து போனார். கதவைச் சாத்தாமல் போனார்.

மே 4, ஞாயிறு

காலையில் கார்த்தீஸ்வரியிடம் சொன்னேன். நோட்டைக் கொடுக்கவில்லை, வாயால் சொன்னேன். சுவரைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது. எண்ணெய் கழுத்தில் இறங்கியது, துடைக்கவில்லை.

"அப்போ அப்பா கேட்டாரா?"

"கேட்டாரு."

"நீ சொல்லல."

"சொல்லல."

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. குளித்தாள். சாப்பிட்டாள். மத்தியானம் பக்கத்து வீட்டுப் பொன்ராணி வந்தபோது அவளிடம், "அத்தே, எங்கம்மாட்ட சோறு எடுத்து வச்சிருக்குன்னு சொல்லுங்க" என்றாள். நான் மூன்றடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். பொன்ராணி என்னையும் அவளையும் பார்த்துச் சிரித்தாள். "ஆத்தாளுக்கும் மகளுக்கும் சண்டையாக்கும்."

இந்தப் பழக்கம் இவளுக்கும் வந்துவிட்டது.

"கார்த்தீசு" என்றேன். "என்னயத் திட்டணும்னா திட்டு. அடிக்கணும்னா அடி. ஆனா எங்கிட்ட நேரா சொல்லு. யார்ட்டயும் சொல்லி விடாத."

அவள் உள்ளே போய்விட்டாள்.

மே 5, திங்கள்

காலையில் நான் கிளம்பும்போது கார்த்தீஸ்வரி கதவு பக்கம் வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"பஸ்ஸு போயிரும்" என்றாள். என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். பிறகு, "அந்த நோட்ட குடுத்துருவேல்ல?" என்றாள்.

ஏழரைக்கே லேபுக்கு வந்துவிட்டேன். இரண்டாவது தொட்டியின் பலகையை எடுத்தேன். உள்ளே சிலந்தி வலையும் ஒரு வெள்ளைத் துணியும் கிடந்தன. அன்றைக்கு அவர் தோளில் போட்டிருந்த துண்டின் ஓரம். எடுத்துத் தனியாக வைத்தேன். நட்டை அன்றைக்கே யாரோ திரும்ப மாட்டியிருந்தார்கள். தண்ணீர் விட்டேன், நிதானமாக இறங்கியது. சோடா இரண்டு தடவை. மேல் தண்ணீரை மொண்டுவிட்டு குச்சியைப் பெண்டு வரை விட்டேன். நீலம். மறுபடியும் விட்டேன். நீலம். பச்சைச் சீட்டில் கையெழுத்துப் போட்டேன். இந்தத் தடவை அலுப்பாக மட்டும் இருந்தது.

மிக்கேல் அண்ணன் இரண்டு ஆட்களோடு ஒன்பதரைக்கு வந்தார். ஒன்றை முடித்துவிட்டு இரண்டாவதுக்கு வந்தார். சீட்டைப் படித்தார். சாக்கை விரித்து மல்லாக்கப் படுத்தார். ஸ்பானரை நட்டில் வைத்துவிட்டு நிறுத்தினார். தொட்டிக்குக் கீழே இருந்து குரல் மட்டும் வந்தது.

"அண்ணாச்சி, சீட்டு இருக்கு, இருந்தாலும் தங்கச்சிட்ட ஒரு வார்த்த கேளுங்க. சோடா போட்டாச்சான்னு."

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். வாயைத் திறந்தார். எதுவும் கேட்காமல் ஓர் எட்டு விலகி நின்றார்.

நான் சேலையைச் செருகிக்கொண்டு தரையில் மண்டியிட்டேன். தலையைத் தொட்டிக்குக் கீழே விட்டேன். அவர் முகத்துக்கும் என் முகத்துக்கும் நடுவில் ஒரு சாண்தான் இருந்தது. அவர் கண்ணாடி மாட்டியிருந்தார்.

"போட்டிருக்கேன்ணே. ரெண்டு தடவ. தண்ணி இறங்குது. அடி வரைக்கும் தாள விட்டுப் பாத்தேன், இந்தா, நீலமாத்தான் இருக்கு. அப்படியும் மூஞ்சத் திருப்பிக்கிட்டுத் தொறங்க. வாளி இந்தப் பக்கம் இருக்கு. நான் இங்கதான் இருக்கேன்."

"சரி தங்கச்சி."

"இன்னொன்னும் சொல்லணும். அன்னைக்கு அவுக கேட்டாக. நீங்க நெனச்சது சரிதான். வாத்தியாரு கேட்டுட்டுத்தான் தொறந்தாரு. நாந்தான் பாதியச் சொல்லல."

ஸ்பானர் நகரவில்லை. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் அவர் கண் என்னையே பார்த்தது. திட்டுவார் என்று நினைத்தேன்.

"வாளியக் கொஞ்சம் நகட்டு" என்றார்.

நகர்த்தினேன். நட்டைத் திறந்தார். தண்ணீர் வந்தது. வெறும் தண்ணீர். வாளியில் முக்கால் நிறைந்தது. நான் அதிலும் ஒரு தாளை நனைத்துப் பார்த்தேன்.

மணி இப்போது மூன்று. எட்டுத் தொட்டியும் கழற்றியாயிற்று. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. கட்டம் கட்டிய அந்த அறிவிப்பை நான் ஒட்டவில்லை, மேசை இழுப்பறையில் இருக்கிறது. அந்தக் கடைசி வரியை மாற்றிவிட்டு மேடம் கொடுத்தால் ஒட்டுகிறேன். அது வரைக்கும் எனக்கு இங்கே வேலை இருந்தால்.

நோட்டில் முன்னால் கிழிந்த பத்துப் பக்கம் நான் கிழித்தது இல்லை. மற்றபடி ஒரு பக்கமும் கிழிக்கவில்லை.

புருசன் பேரை வாயால் சொல்லிப் பழக்கமில்லை. எழுதியதும் இல்லை. ஃபைலில் வைக்கிற நோட்டு என்பதால் எழுதுகிறேன்.

இரண்டாவது தொட்டி, போன வருசம் ஆகஸ்டு: சோடா போட்டது நான். தண்ணீர் இறங்கவில்லை என்று சொல்லாதது நான். சீனிராஜ் கேட்டார்.

சீ. சண்முகக்கனி, அட்டெண்டர்